தலைக்கு ஒரு ஷில்லிங்: லண்டன் நரிகளின் வரவு செலவுக் கணக்கு



லண்டன் மாநகரில் ஏறத்தாழ 10,000 நரிகள் வாழ்வதாக மதிப்பிடுகிறார்கள். வீட்டுத் தோட்டங்கள், ரயில் பாதைச் சரிவுகள், கல்லறைத் தோட்டங்கள், பூங்காக்கள் என்று ஊருக்குள்ளேயே குடியிருக்கின்றன. நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் வேலை நிமித்தம் தங்கியிருக்கும் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ, குராய்டன் பக்கங்களில் இரவு பத்து மணிக்கு மேல் ஜன்னல் திரையை விலக்கினால், வாடகை பாக்கியில்லாத குடித்தனக்காரர் மாதிரி நரி ஒன்று நடுத்தெருவில் நடந்து போவதைப் பார்க்கலாம்.

இந்தக் காலாண்டு இதழுக்கு லண்டன் நரி எதற்கு என்று கேட்பீர்கள். நாய், புறா, குரங்கு, பெருச்சாளி என்று நம் பொதுக்குழுவில் தவறாமல் எழும் சண்டையை அந்த ஊர்க்காரர்கள் நரியை வைத்துப் பல தலைமுறையாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்னென்ன செய்து பார்த்தார்கள், எதற்குப் பணம் செலவழித்தார்கள், எது பலித்தது, எது வீணானது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் வங்கியில் லெட்ஜர் பார்த்தவனுக்கு அந்தக் கணக்கைப் புரட்டாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஊர்ப்பக்கம் இரவில் ஊளை கேட்டு நாம் நரி என்கிறோமே, அது நாய், ஓநாய் வகைக்கு நெருங்கிய பிராணி. சேலம் வட்டாரத்தில் பொங்கலையொட்டிப் பிடித்து ஊருக்குள் கொண்டுவரும் வழக்கம் இருந்ததே (வனத்துறை இப்போது அதைத் தடுக்கிறது), அந்த வங்காநரிதான் லண்டன் நரிக்கு ஒன்றுவிட்ட தம்பி. லண்டனில் இருப்பது செந்நரி. செம்பழுப்பு உடம்பு, அடர்த்தியான வால், நுனியில் வெள்ளை. நன்றாக வளர்ந்த ஆண் நரியே ஆறு ஏழு கிலோதான். பூனையைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான்.

தலையைக் கொண்டுவா, காசை வாங்கிப் போ

கதை 1566-ல் தொடங்குகிறது. முதலாம் எலிசபெத் ராணியின் ஆட்சி. தானியத்தைக் காப்பாற்றுவதற்கென்று ஒரு சட்டம் வந்தது. பயிரையும் கோழியையும் ஆட்டுக்குட்டியையும் கெடுக்கும் பிராணிகளின் பட்டியல் அதில் இருந்தது. ஒவ்வொன்றின் தலைக்கும் ஒரு விலை. மூன்று எலித் தலைக்கு ஒரு பென்னி. நரித் தலைக்குப் பன்னிரண்டு பென்னி, அதாவது ஒரு ஷில்லிங். அந்தக் காலக் கூலியாள் ஒருவரின் ஒரு நாள் கூலியைவிட அது அதிகம்.

பணம் அரண்மனையிலிருந்து வரவில்லை. ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் நிலம் வைத்திருப்பவர்களிடம் வரி வசூலித்து, தேவாலய நிர்வாகிகள் அதைப் பட்டுவாடா செய்தார்கள். நம் மெயின்டனன்ஸ் வசூல் மாதிரிதான். யாருக்கு எத்தனை தலைக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். அந்தப் புத்தகங்கள் பல ஊர்களில் இன்றும் கிடைக்கின்றன. கொண்டுவந்த தலையை நிர்வாகிகள் முன்னிலையிலேயே எரிக்கவோ வெட்டிச் சிதைக்கவோ வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. ஒரே தலையைக் காட்டி இரண்டு முறை காசு வாங்கிவிடக் கூடாதல்லவா? நானூற்று அறுபது வருடத்துக்கு முன்பே தணிக்கை அறிவு இருந்திருக்கிறது.

இந்தச் சட்டம் 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. அத்தனை காலம் தலைக்குத் தலை காசு கொடுத்தும் நரி ஒழியவில்லை. அதைவிட வேடிக்கை, இடையில் நரியின் மதிப்பே தலைகீழாக மாறிப்போனது.

சந்தையில் விலைக்கு வந்த நரி

18, 19-ம் நூற்றாண்டுகளில் குதிரையேறி, நாய்க் கூட்டத்தை விட்டு நரியைத் துரத்துவது நிலப்பிரபுக்களின் பெரிய பொழுதுபோக்காயிற்று. துரத்த நரி வேண்டுமே! வேட்டை நடக்கும் பகுதிகளில் நரியை யாராவது சுட்டுக் கொன்றால் அது ஊரறிந்த அவமானம் ஆனது. கோழியை இழந்த குடியானவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். சில வேட்டைக் குழுக்கள் கோழிக்கு நஷ்டஈடும் கொடுத்தன.

அப்படியும் நரி போதவில்லை. ஐரோப்பியக் கண்டத்திலிருந்து கப்பலில் நரிகளை இறக்குமதி செய்தார்கள். அவை உயிரோடு விற்பனைக்கு வந்த இடம் எது தெரியுமா? லண்டன் நகரின் நடுவே இருக்கும் லெடன்ஹால் மார்க்கெட். ஒரு பக்கம் தலைக்கு ஒரு ஷில்லிங் கொடுக்கச் சொல்லும் சட்டம் ரத்தாகாமல் இருந்தது. மறு பக்கம் அதே பிராணியைக் காசு கொடுத்து வாங்கிக் காட்டில் விட்டார்கள்.

தொல்லை என்பது பிராணியின் குணத்தில் மட்டும் இல்லை, பார்க்கிறவரைப் பொறுத்தும் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஒருவருக்குத் தொல்லையாக இருப்பது அடுத்தவருக்கு ஆசைப் பொருளாக இருக்கும்போது எந்த ஒழிப்புத் திட்டமும் முழுமையாக நடக்காது. இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஊருக்குள் நரி வந்ததா, நரி இருந்த இடத்துக்கு ஊர் வந்ததா?

நகரத்தில் நரி எப்படி நுழைந்தது என்று கேட்டால் இங்கிலாந்தில் இரண்டு பதில்கள் பிரபலம். ஒன்று, 1953-ல் பிரிட்டனுக்குள் வந்த மிக்ஸமடோசிஸ் என்ற கொள்ளைநோய் முயல்களை அழித்துவிட்டது, இரை தேடி நரி நகரத்துக்கு வந்தது என்பது. இன்னொன்று, நாய் விட்டு வேட்டையாடுவதைத் தடுக்கும் 2004-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் நரி பெருகியது என்பது. இரண்டும் தேதிக் கணக்கில் தோற்றுப் போகின்றன. 1930, 1940-களிலேயே லண்டன் புறநகரில் நரிகள் குடியேறத் தொடங்கிவிட்டன.

உண்மைக் காரணம் வீடு கட்டியதுதான். முதல் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 40 லட்சம் வீடுகள் கட்டப்பட்டன. லண்டனின் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. ரயில் பாதையை ஒட்டி, வயலிலும் தோப்பிலும் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. நடுச்சுவர் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீளமான தோட்டம். தோட்டக் கோடியில் மண்வெட்டி, புல்வெட்டி வைக்க ஒரு மரக் கொட்டகை.

நரியின் பக்கம் நின்று பாருங்கள். பகலில் படுக்கக் கொட்டகைக்கு அடியில் காய்ந்த இடம். தோண்ட மென்மையான மண். புல்தரையில் மண்புழு, புதரில் எலி, கீழே விழுந்த பழம், சமையலறைக் கழிவு, பறவைகளுக்குப் போட்ட ரொட்டி. துப்பாக்கியோ வேட்டை நாயோ இல்லை. வயல்வெளியைவிட இது பல மடங்கு வசதியான இடம். அங்கிருந்து ரயில் பாதைச் சரிவுகள் வழியாக மெல்ல மெல்ல உள்நகரத்துக்கும் வந்தன.

ஆக, நரியை யாரும் அழைக்கவில்லை. ஆனால் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் மனிதர்களே கட்டி, அடுக்கி, தயாராக வைத்துவிட்டார்கள்.

சுட்டுப் பார்த்தார்கள், பொறி வைத்துப் பார்த்தார்கள்

தோட்டத்தில் குழி, பாத்தி நாசம், கூட்டிலிருந்த முயலைக் காணோம், ஜனவரி இரவில் குழந்தை அலறுவது போல் பெண் நரியின் கத்தல். புகார்கள் குவிந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விவசாய அமைச்சகத்தின் ஆட்களும், பிற்பாடு பரோ எனப்படும் லண்டன் வட்டார நிர்வாகங்கள் பலவும் நரியைப் பிடித்துக் கொல்லும் வேலையைச் செய்தன. 1980-களோடு ஏறக்குறைய எல்லா நிர்வாகங்களும் அதைக் கைவிட்டன.

இரக்கம் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. கணக்கு ஒத்துவரவில்லை.

கணக்கு இப்படி. நரிகள் ஒவ்வொரு குடும்பமாக எல்லை வகுத்துக்கொண்டு வாழும். ஓர் எல்லையின் நரியைக் கொன்றால் அந்த இடம் காலியாகிறது. பக்கத்து எல்லையில் இடமில்லாமல் திரியும் இளம் நரி சில நாளிலேயே அங்கே குடிவந்துவிடும். ஃபிளாட் காலியானதும் புரோக்கர் ஆள் கொண்டுவருவது மாதிரி. நகர நரிகளில் ஏறக்குறைய பாதி ஒவ்வொரு வருடமும் எப்படியும் செத்துப்போகின்றன, பெரும்பாலும் கார் மோதி. ஆனால் மார்ச் மாதத்தில் ஒரு பெண் நரி நான்கு அல்லது ஐந்து குட்டி போடுகிறது. இழப்பை ஈடுகட்டி, மிச்சமும் வைக்கிறது. இதற்கு மேல் நிர்வாகம் கொல்வது, ஒரு பக்கம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு மறு பக்கம் வாளியால் தண்ணீரை மொண்டு ஊற்றுவது போல.

ஊருக்குள் துப்பாக்கி பாதுகாப்பில்லை. விஷம் வைப்பது சட்டப்படி குற்றம். பொறியில் அடுத்த வீட்டுப் பூனை மாட்டும். மனதில் வைக்கச் சொன்னேனே, அதுவும் சேர்ந்துகொண்டது. ஒரு வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் அடுத்த வீட்டுக்காரர் நரிக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார்.

கோழித்தலை வைத்தியம்

இதே காலத்தில் இன்னொரு பயமும் இருந்தது. 1922-ல் பிரிட்டனில் வெறிநோய் ஒழிந்துவிட்டது. ஆனால் ஐரோப்பியக் கண்டத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலம் முதல் நரிகள் வழியாக அந்த நோய் கிழக்கிலிருந்து மேற்காக நகர்ந்து வந்தது. கடலைத் தாண்டி வந்தால் நகர நரிகளை என்ன செய்வது என்று அரசாங்கம் திட்டம் போட்டது. நகர நரி எத்தனை, எங்கே, எப்படி வாழ்கிறது என்று விஞ்ஞானிகள் முறையாக எண்ணத் தொடங்கியதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

கண்டத்தில் முதலில் செய்தது என்ன? வளைகளுக்குள் விஷவாயு, துப்பாக்கி, பொறி. நோய் நிற்கவில்லை. 1978-ல் சுவிட்சர்லாந்தில் வேறொன்று செய்தார்கள். கோழித் தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்து, ரோன் நதிப் பள்ளத்தாக்கில் போட்டார்கள். நரி தின்றது, தடுப்பாற்றல் பெற்றது. நோய் பரவ வழியில்லாமல் அந்த வட்டாரம் ஒரு மதில் போல ஆனது. இந்த முறை நாடு நாடாகப் பரவி, 1990-களின் இறுதிக்குள் சுவிட்சர்லாந்து நரிகளிடமிருந்து வெறிநோய் போய்விட்டது. பிற்பாடு மேற்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் போனது.

கொன்று சாதிக்க முடியாததை மருந்து சாதித்தது. காரணம் எளிது. கொன்றால் இடம் காலியாகிறது, புது நரி வருகிறது, நோயோடும் வரலாம். தடுப்பூசி பெற்ற நரி தன் இடத்திலேயே இருந்து, நோயுள்ள நரி உள்ளே வராமல் காவல் காக்கிறது.

பிரிஸ்டல் நகரத்துப் பாடம்

இங்கிலாந்தின் மேற்கில் பிரிஸ்டல் நகரம். அங்கே ஸ்டீபன் ஹாரிஸ் என்ற விலங்கியல் பேராசிரியர் 1977 முதல் நகர நரிகளை ஆராய்ந்து வந்தார். 1994-ல் ஒரு சொறி நோய் அங்கே நுழைந்தது. நுண்ணிய பூச்சி தோலில் புகுந்து உண்டாக்கும் நோய். இரண்டே வருடத்தில் அந்த நகர நரிகளில் 95 சதவீதத்துக்கு மேல் செத்துப்போயின.

எந்த நிர்வாகமும் எவ்வளவு செலவு செய்தாலும் இந்த அளவு கொல்ல முடியாது. அப்படியானால் பிரிஸ்டலில் நரி ஒழிந்ததா? இல்லை. மெதுவாக, பல வருடங்களில், மறுபடி வந்தது. தோட்டம் அதே தோட்டம், கொட்டகை அதே கொட்டகை, உணவும் அதே உணவு. வருவதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது, அவ்வளவுதான்.

1980-களில் பிரிட்டன் நகரங்களில் சுமார் 33,000 நரிகள் என்று கணக்கிட்டார்கள். 2017-ல் வந்த மதிப்பீடு இங்கிலாந்துக்கு மட்டும் சுமார் 1,50,000. கணக்கிட்ட முறை வேறு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் முன்பு நரியே இல்லாத பல ஊர்களுக்கும் அவை பரவிவிட்டன என்பது உறுதி.

பயம் பொய்யல்ல

இதுவரை படித்தவர்கள் நான் நரிக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்கலாம். மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

2010 ஜூன் மாதம். வெயில் காலம். கிழக்கு லண்டனில் ஹாக்னி பகுதியில் ஒரு வீட்டில் காற்றுக்காகக் கீழ்த்தளக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்த நரி மாடிக்கு ஏறி, தூங்கிக்கொண்டிருந்த ஒன்பது மாத இரட்டைக் குழந்தைகளைக் கடித்துவிட்டது. இரண்டு குழந்தைகளும் பிழைத்தன. நாடே அதிர்ந்தது. 2013 பிப்ரவரியில் தெற்கு லண்டன் பிராம்லியில் ஒரு மாதக் கைக்குழந்தையின் விரலை நரி கடித்தது. அப்போது லண்டன் மேயராக இருந்த போரிஸ் ஜான்சன், நகர நரிப் பிரச்சினையில் வட்டார நிர்வாகங்கள் இறங்கிச் செயல்பட வேண்டும் என்றார்.

நரி மனிதரைக் கடிப்பது மிக மிக அரிது. ஆனால் தொட்டிலில் குழந்தை இருக்கும் வீட்டுக்காரரிடம் போய் "அரிது" என்று சொல்லிப் பயனில்லை. அவர் பயத்தைப் பார்த்துச் சிரிக்கும் எந்த யோசனையும் அந்தத் தெருவில் எடுபடாது.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கிலாந்தில் நரியைக் கட்டுப்படுத்தும் கடமை உள்ளாட்சிக்குச் சட்டப்படி கிடையாது. வீட்டுக்காரர் தன் இடத்தில் சட்டம் அனுமதிக்கும் முறையில் கூண்டு வைக்கலாம், ஆளை அமர்த்தலாம். ஆனால் விஷம் கூடாது, விஷவாயு கூடாது, நரி உள்ளே இருக்கும்போது வளையை அடைக்கக் கூடாது. 1996-ம் ஆண்டின் காட்டுப் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம், 2006-ம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் இரண்டும் வதைப்பதைத் தண்டிக்கின்றன. பிடித்த நரியை எங்கோ கொண்டுபோய் விடுவதும் சிக்கல்தான். அறியாத இடத்தில் அது பட்டினி கிடக்கும், அங்குள்ள நரிகளிடம் கடிபடும். தனியார் ஆளை வைத்து ஒரு நரியைக் கொல்ல நூற்றுக்கணக்கான பவுண்டு ஆகும். இடம் காலியானதும் அடுத்த நரி வந்துவிடும். செலவுக்கு எதிரே வரவு இல்லாத பதிவு.

பயத்துக்கும் ஒரு செலவுக் கணக்கு

பயத்தோடு வதந்தி சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் லண்டனில் உதாரணம் உண்டு. குராய்டன் பகுதியில் தலையும் வாலும் துண்டிக்கப்பட்ட பூனைகள் தெருவில் கிடந்தன. கத்தி வைத்துக்கொண்டு யாரோ ஒரு கொடியவன் அலைகிறான் என்று பேச்சு கிளம்பியது. பத்திரிகைகள் அவனுக்குப் பட்டப்பெயரே சூட்டின. 2015-ன் இறுதியில் போலீஸ் விசாரணை தொடங்கியது. 400-க்கும் மேற்பட்ட பூனைகள் பற்றிய புகார்கள். அக்கம்பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் சந்தேகம்.

2018 செப்டம்பரில் விசாரணையை மூடினார்கள். கொடியவன் எவனும் இல்லை. காரில் அடிபட்டும் வேறு வகையிலும் செத்த பூனைகளின் உடலை நரி கடித்துப் பிய்த்திருந்தது. சில இடங்களில் நரி பூனைத் தலையைக் கவ்விக்கொண்டு போவது கண்காணிப்புக் கேமராவிலேயே பதிவாகியிருந்தது. பிற்பாடு அரச கால்நடை மருத்துவக் கல்லூரியினர் பூனைகளின் உடல்களை ஆராய்ந்து, காயங்களில் நரியின் மரபணு இருப்பதை உறுதி செய்தார்கள். மூன்று வருடம் ஒரு வட்டாரமே இல்லாத ஒருவனுக்குப் பயந்து தூங்காமல் இருந்திருக்கிறது. நம் வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினொரு மணிக்கு வரும் சில செய்திகளைப் படிக்கும்போது எனக்குக் குராய்டன் நினைவு வரும்.

பலித்தது எது?

சிறிய, அலங்காரமில்லாத வேலைகள்தான் பலித்தன. விலங்கு நல அமைப்புகளும் உள்ளாட்சிகளும் இன்று சொல்லும் யோசனைகளைச் சுருக்கினால் இவ்வளவுதான்.

ஒன்று, உணவை எடு. குப்பைப் பையைத் தரையில் வைக்காதே, மூடியுள்ள தொட்டியில் போடு. லண்டனில் மகன் வீட்டில் சில வாரம் தங்கியபோது பார்த்தேன். உணவுக் கழிவுக்கென்று வாசலில் தனி வாளி. கைப்பிடியை முன்பக்கம் இழுத்துவிட்டால் மூடி பூட்டிக்கொள்ளும், நரி கவிழ்த்தாலும் திறக்காது. பறவைக்குப் போடும் தீனி தரையில் சிந்தக் கூடாது. எலும்புத்தூள் உரம் போட்டால் நரி பாத்தியைத் தோண்டும், ஆகவே வேறு உரம் போடு.

இரண்டு, இடத்தை அடை. கொட்டகைக்கு அடியில், மரத்தளத்துக்கு அடியில் உள்ள சந்தை உறுதியான கம்பி வலையால் மூடு. வலையை மண்ணுக்குள்ளும் இறக்கு. குட்டிகள் இருந்தால் கோடை வரை பொறு. அவை வளர்ந்து வெளியேறிய பின், உள்ளே எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மூடு.

மூன்று, வளர்ப்புப் பிராணியைக் காப்பாற்று. முயல், கோழி வைத்திருந்தால் லேசான கோழிவலை போதாது. நரி அதைக் கடித்துக் கிழித்துவிடும். தடித்த பற்றவைத்த கம்பி வலையும் நல்ல தாழ்ப்பாளும் வேண்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தோட்டத்துக் கதவைத் திறந்து போட்டுவிட்டு மாடிக்குப் போகாதே.

நான்கு, கையால் ஊட்டாதே. இதுதான் எல்லாவற்றிலும் கடினம். நரிக்கு உணவு வைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. பல வயதானவர்களுக்குத் தினமும் அந்தி நேரத்தில் தோட்டத்துக்கு வரும் நரிதான் அன்றைக்கு வந்த ஒரே விருந்தாளி. அந்த அன்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒரு வீட்டில் கையால் வாங்கித் தின்று பழகிய நரி, அடுத்த வீட்டுக்காரரிடமும் அதே உரிமையோடு போகும். வரவு ஒரு வீட்டுக்கு, செலவு பத்து வீட்டுக்கு.

உணவு எங்கே இருக்கிறதோ அங்கே நரி எவ்வளவு உயரமும் ஏறும் என்பதற்கு ஒரு கதை. 2011-ல் லண்டனில் ஷார்ட் என்ற வானளாவிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் 72-வது மாடியில் ஒரு நரியைப் பிடித்தார்கள். படிக்கட்டு வழியாக ஏறி, கட்டட வேலை செய்பவர்கள் சாப்பிட்டு மிச்சம் வைத்ததைத் தின்று வாழ்ந்திருக்கிறது. அதற்கு ரோமியோ என்று பெயர் வைத்து, வைத்தியம் பார்த்து, கீழே கொண்டுவந்து விட்டார்கள். நமக்கு ஐந்து மாடிதான்.

நம் பக்கத்துக் கணக்கு

நம் வளாகத்தில் நரி இல்லை. ஆனால் குப்பை அறையின் ஷட்டர் பாதி திறந்தே கிடக்கிறது. மாடிப்படிக்கு அடியில் தட்டில் சாதம் இருக்கிறது. ஏ.சி. வெளிப்பெட்டிக்குப் பின்னால் புறா கூடு கட்டிய பின்புதான் வலை கட்டுகிறோம். அடுத்த பொதுக்குழுவில் "ஆள் வைத்துப் பிடித்து அப்புறப்படுத்த" ஒரு தீர்மானம் வரப்போகிறது. சோறு வைப்பவர்களும் எதிர்ப்பவர்களும் லிஃப்டில் முகம் பார்ப்பதில்லை. அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கும் முன் மேலே சொன்ன கணக்கை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

ஒரு முக்கிய வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. அங்கே வெறிநோய் இல்லை, இங்கே இருக்கிறது. நாய்க்கடியை அலட்சியப்படுத்தக் கூடாது. கடித்தால் உடனே சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனை போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நம் வளாகத்து நாய்கள் ஒவ்வொன்றுக்கும் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று ஒரு பதிவேடு வைப்பது, எந்த அப்புறப்படுத்தும் தீர்மானத்தைவிடவும் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு. கோழித்தலை வைத்தியம் சொல்லும் பாடமும் அதுதான்.

அடுத்த பொதுக்குழுவில் நான் மூன்று விஷயம் கேட்கப் போகிறேன். குப்பை அறைக்குத் தானே மூடிக்கொள்ளும் கதவு. உணவு வைக்க விரும்புகிறவர்களோடு கலந்து பேசி, குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து தள்ளி ஓர் இடமும் நேரமும், சாப்பிட்டதும் தட்டை எடுத்துவிடும் பொறுப்பும். தடுப்பூசிப் பதிவேடு. மூன்றுக்கும் ஆகும் செலவு, பிடித்துப் போகும் ஆளுக்கு ஒவ்வொரு வருடமும் கொடுக்கும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது என் கணக்கு. மதிப்பீடுகளைக் கொண்டுவருகிறேன், சரிபார்த்துச் சொல்லுங்கள். பதிவேட்டை எழுதி வைக்கும் வேலையை, ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நானே ஏற்றுக்கொள்கிறேன்.